மண்ணை அமிலமாக்கினால் நலிந்த எலுமிச்சை தேறுமா?

11 பிப்ரவரி 2024, வாசகர் கேள்வி

வாடிப்பட்டிக்கு மேற்கே செம்மண் தோட்டத்தில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். நட்டு ஏழாம் ஆண்டு. போன ஆடி மாதத்திலிருந்து இலை மஞ்சளடித்து, நுனிக் கிளை காய்ந்து, காய் சிறுத்து உதிர்கிறது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மூட்டை கொண்டுபோனால் பொடிக்காய் என்று ஒதுக்குகிறார்கள். ஃபுளோரிடாவில் மண்ணை அமிலமாக்கியே நோய் கண்ட மரங்களைத் தேற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் மண்ணிலும் கந்தக அமிலம் விட்டால் மரம் பிழைக்குமா? மரத்துக்கு எவ்வளவு விட வேண்டும்?

12 பிப்ரவரி 2024

அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஃபுளோரிடாவில் என்ன நடந்தது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அங்கே கிரீனிங் நோய் முதன்முதலில் 2005-இல் கண்டறியப்பட்டது. பட்டையின் உட்திசுவில் வாழும் ஒரு பாக்டீரியா இலைகள் செய்யும் உணவை வேருக்கு இறங்கவிடாமல் தடுக்கிறது. சைலிட் என்னும் மிகச் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. 2003–04 பருவத்தில் 24.2 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில், 2022–23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. அப்படிப்பட்ட அழிவின் நடுவில் வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள், மேலே இலையில் அறிகுறி தெரிவதற்கு முன்பே சல்லிவேர்களில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ அழிந்துபோயிருப்பதைக் கண்டார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரஹாமும் அவருடன் பணியாற்றியவர்களும் தோட்டம் தோட்டமாக ஒப்பிட்டபோது, பாசன நீரில் பைகார்பனேட் என்னும் கார உப்பு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்த இடங்களிலும், மண்ணின் கார அமில நிலை (பி.எச்.; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6.5-ஐத் தாண்டிய இடங்களிலும் வேரிழப்பும் விளைச்சல் சரிவும் கூடுதலாக இருந்தன. அதிலிருந்துதான் பாசன நீரில் அமிலம் கலப்பதும், மரத்தடியில் கந்தகம் இடுவதும் அங்கே பரவின.

நோய் குணமானது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பாக்டீரியா மரத்துக்குள்ளேயே இருக்கிறது. மிஞ்சியிருக்கும் வேர் உணவெடுக்க வழி செய்ததால் மரம் இலையைத் தாங்கிக்கொண்டு காய்த்தது, அவ்வளவே. கிரீனிங் நோய்க்கு இன்றுவரை மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

12 பிப்ரவரி 2024, இரவு

ஒன்றை மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன்: எதையும் அளந்து பார்க்காமல் அமிலத்தை வாளியில் கரைத்துத் தூரில் ஊற்ற வேண்டாம், ஐயா. அடிமரப் பட்டை வெந்துவிட்டால் பிறகு எந்த நோயைப் பற்றியும் பேச வேண்டியிராது.

17 பிப்ரவரி 2024

உங்கள் மரங்களுக்கு வந்திருப்பது கிரீனிங்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. நம் பகுதியில் எலுமிச்சை மஞ்சளடிப்பதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. துத்தநாகக் குறை, இரும்புக் குறை, டிரிஸ்டிசா என்னும் வைரஸ், வேரழுகலும் பிசின் வடிதலும், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வருவதும் வழக்கம். இந்தியாவில் கிரீனிங் இருப்பது 1960-களிலேயே உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முன்பு ஆரஞ்சுத் தோட்டங்களின் அழிவையெல்லாம் ‘நுனிக்காய்தல்’ என்ற ஒரே பெயரில் அடக்கியிருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் காரணமும் ஒன்றே என்று நம்பியதில் பல ஆண்டுகள் வீணாயின.

இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பின் இடப்பக்கத்தில் மஞ்சள் திட்டு இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். அதே இடத்தில், அதே அளவில் வலப்பக்கத்திலும் ஒரு வட்டம் போடுங்கள். இரு வட்டங்களுக்குள்ளும் நிறம் ஒன்றாக இருந்தால், அதாவது நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி இருபுறமும் சமமாக வெளுத்திருந்தால், பெரும்பாலும் அது சத்துக் குறையே. துத்தநாகக் குறையில் இலை குறுகிச் சிறுத்து, கணுவிடை நெருங்கி, கொழுந்து கொத்தாக நிற்கும். ஒரு வட்டம் மஞ்சளாகவும் மற்றது பச்சையாகவும் இருந்து, திட்டு நரம்பைக் கடந்து ஒழுங்கின்றிப் பரவியிருந்தால் கிரீனிங்கைச் சந்தேகிக்கலாம். மரம் முழுவதும் ஒரே சீராக வெளுக்காமல் ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாவதும் சந்தேகத்துக்குரியதே. ஆனால் கிரீனிங் கண்ட மரத்தில் வேர் குறைவதால் துத்தநாகக் குறையும் கூடவே வந்துவிடும். ஆகவே இலையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் உறுதி சொல்லும். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ‘பி.கே.எம். 1’ எலுமிச்சை வெளிவந்ததே பெரியகுளத்திலிருந்துதான். கிளையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேரையும் பாருங்கள். மரத்தின் நிழல் விளிம்புக்கு உள்ளே ஒரு முழ ஆழம் தோண்டினால் சல்லிவேர் தட்டுப்படும். அதை இரண்டு விரலால் பிடித்து இழுக்கும்போது மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வேரழுகல். அதற்கு முதல் மருத்துவம் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது. அமிலம் அங்கே உதவாது.

18 பிப்ரவரி 2024

கிணற்றடிக் கறிவேப்பிலையில் இருக்கும் பூச்சியும் சைலிட்தானா என்று அலங்காநல்லூர்ப் பக்கத்து நண்பர் கேட்டிருக்கிறார். ஆம், இருக்கலாம், எலுமிச்சைச் சைலிட் கறிவேப்பிலையிலும் நன்றாகப் பெருகும். பூச்சி மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பாகத்தைத் தூக்கி, இலையில் சாய்வாக உட்காரும். குஞ்சுகள் கொழுந்தில் மொய்த்து வெள்ளை மெழுகு இழைகளை வெளிவிடும். கறிவேப்பிலையை வெட்டியெறிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எலுமிச்சை தளிர்விடும் சமயத்தில் அதன் கொழுந்தையும் சேர்த்துக் கவனியுங்கள் என்கிறேன்.

25 பிப்ரவரி 2024

இனி மண்ணுக்கு வருகிறேன். நம் பகுதியில் மேலே செம்மண்ணாகத் தெரியும் நிலத்திலும் இரண்டடிக்குக் கீழே சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) கிடப்பது புதிதில்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கையிலேயே அகப்படும். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து அதன் மேல் சில சொட்டு வினிகரோ நீர்த்த அமிலமோ விட்டுக் காதருகே பிடித்துப் பாருங்கள். சீறல் கேட்டாலோ நுரை பொங்கினாலோ மண்ணில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது. என் தோட்டத்தின் கீழ்ப்பாத்தி மண் அமைதியாக நனைந்தது. மேட்டுப் பக்கத்து மண் பொங்கி வழிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருக்கிறது.

பொங்கும் மண்ணை அமிலமாக்குவது ஏன் நடவாத காரியம் என்பதற்கு ஒரு கணக்கு. மரத்தடியில் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 660 கிலோ இருக்கும். அதில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே 6.6 கிலோ ஆகிறது. நூறு கிலோ சுண்ணாம்பைக் கரைக்க 32 கிலோ கந்தகம் வேண்டும் என்பது வேதியியல். ஆக, இந்த ஒரு பாத்திக்கே இரண்டு கிலோவுக்கு மேல் கந்தகம் தேவை. ஐந்து சதவீதம் இருந்தால் பத்து கிலோ. அந்தச் சுண்ணாம்பு தீரும்வரை கார அமில நிலை 8-ஐ விட்டு அதிகம் இறங்காது. தீர்ந்த பிறகும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வேர் சுண்ணாம்பைச் சந்தித்துக்கொண்டே இருக்கும். ஃபுளோரிடாவின் மண் பெரும்பாலும் மணல். எதிர்த்து நிற்கும் வலிமை அதற்கு இல்லை. அங்கே எளிதில் இறங்கிய எண்ணை இங்கே எதிர்பார்ப்பது நியாயமன்று.

பொங்காத செம்மண் வேறு கதை. அங்கே கந்தகம் வேலை செய்யும். ஆனால் கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பொழுதும் வேண்டும். சித்திரையில் காய்ந்த பாத்தியில் தூவிவிட்டு வைகாசியில் பலன் கேட்டால் கிடைக்காது.

26 பிப்ரவரி 2024

கண்மாய்க் கரம்பை (வண்டல்மண்) அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி வண்டியாக எலுமிச்சைக்குப் போடும் முன் அந்தக் கரம்பையிலும் இதே வினிகர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். சில கண்மாய்களின் கரம்பையில் கிளிஞ்சலும் சுண்ணாம்புப் பொடியும் நிறைய இருக்கும். நெல்லுக்கும் பருத்திக்கும் கேடில்லை. எலுமிச்சைக்கு அது வேண்டாத சுமை.

3 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் பரிசோதனை முடிவுகளை அனுப்பியிருக்கிறார். மண்ணின் கார அமில நிலை 7.9, மண் பொங்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் லிட்டருக்கு 427 மில்லிகிராம். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

உங்கள் மண் பிறவியிலேயே கெட்ட மண் அன்று. ஏழு ஆண்டுகளாக அதற்கு விட்ட தண்ணீர்தான் அதைக் காரமாக்கி வந்திருக்கிறது. சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறதல்லவா, அதே படிவு மண்ணிலும் வேரைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறது. வேரோரத்தில் பைகார்பனேட் மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. எடுத்த கொஞ்சநஞ்ச இரும்பும் இலைக்குள் பயன்படாமல் தங்கிவிடும். இதைச் சரிசெய்ய மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, தண்ணீரைச் சரிசெய்தால் போதும். நம் மாவட்டத்துக்கு இந்த மருத்துவத்தில் பயன்படக்கூடிய பகுதி இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கு இது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் அளவை ஈக்விவலன்ட் என்பார்கள்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஈக்விவலன்ட். 61 மில்லிகிராம் பைகார்பனேட் ஒரு மில்லிஈக்விவலன்ட். உங்கள் நீரில் லிட்டருக்கு 427, அதாவது ஏழு மில்லிஈக்விவலன்ட். முழுவதையும் முறிக்கக் கூடாது. எண்பது சதவீதம் முறித்தால் நீரின் நிலை 6-ஐ ஒட்டி நிற்கும். அப்படியானால் ஆயிரம் லிட்டர் நீருக்கு 5.6 ஈக்விவலன்ட் அமிலம் வேண்டும். 98 சதவீத அடர் கந்தக அமிலம் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 36.8 ஈக்விவலன்ட் இருக்கிறது. வகுத்தால் 152 மில்லிலிட்டர் வருகிறது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. வாளியில் கரைத்து ஊற்ற வேண்டாம் என்று முதல் நாளே சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். இந்த எண் உங்கள் தண்ணீருக்கு மட்டுமே உரியது. பக்கத்துத் தோட்டக்காரர் அவருடைய நீரைச் சோதிக்காமல் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உங்கள் நீரே மாறக்கூடும். ஆகவே பங்குனியிலும் ஐப்பசிக்குப் பிறகும் தனித்தனியே சோதியுங்கள்.

4 மார்ச் 2024

எச்சரிக்கைகளை நேற்றே எழுதியிருக்க வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருப்பது நியாயமே. அமிலத்தைத்தான் தண்ணீரில், சிறிது சிறிதாக, ஓரமாக விட வேண்டும். தண்ணீரை அமிலத்தில் விட்டால் கொதித்துத் தெறித்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி, முழங்கைவரை ரப்பர் கையுறை, காலை மூடிய செருப்பு, அருகில் கழுவுவதற்கு நிறைய நல்ல தண்ணீர், இவை இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சிமெண்ட் தொட்டியையும் இரும்பு, பித்தளை இணைப்புகளையும் அமிலம் அரித்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் பிளாஸ்டிக் உறிஞ்சியும்தான் வேண்டும். கூலிக்கு வருபவரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிட்டு நாம் நிழலில் நிற்பது தகாது.

2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பின் அமிலத்தைச் சில்லறையாக விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டை காட்டி, எதற்காக வாங்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு பெண்கள் பலரின் முகத்தையும் வாழ்வையும் அழித்த கொடுமையால் வந்தது. அதை முழு மனதோடு மதிப்போம். பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். வாங்கியதைப் பூட்டி வையுங்கள்.

10 மார்ச் 2024

அமிலத்துக்குப் பதிலாகப் புளித்த மோர், புளிக்கரைசல், சிட்ரிக் அமிலம் ஆகியவை ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். இவையெல்லாம் ஊற்றிய நேரத்தில் புளிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று தீர்த்துவிடும். சுண்ணாம்போடு சேர்ந்த சிட்ரிக் அமிலம் சிதையும்போது மறுபடி பைகார்பனேட்டே மிஞ்சுகிறது. மோர் விடுவதால் மண்ணுயிர் பெருகும் என்றால் அதை மறுக்கவில்லை. கார அமில நிலையை அது நிலையாக இறக்காது.

ஜிப்சம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். களர் நிலத்தில் சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் சிறந்தது. அங்கே நிலை எண்ணும் இறங்கும். சுண்ணாம்பு மண்ணில் அது எண்ணை இறக்காது. பாஸ்பாரிக் அமிலம் கடினமான தண்ணீரில் சுண்ணாம்போடு சேர்ந்து படிந்து சொட்டுவாயை அடைத்துவிடும். தழைச்சத்தை யூரியாவாகத் தருவதில் ஒரு பகுதியை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றிக்கொள்வது எளிய வழி; அது தானே மெல்ல அமிலத்தைத் தரும். அமிலத்தைக் கையாள அஞ்சுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஓர் உரக்கடையில் என்னிடம் ‘மண் புளிப்புத் திரவம்’ என்று ஒரு புட்டியை நீட்டினார்கள். உள்ளே என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று லேபிளில் இல்லை. அப்படிப்பட்டதை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது.

22 ஜூன் 2024

என் தோட்டம் செல்லம்பட்டிப் பக்கம் இருக்கிறது. ஒரு வரிசைக்குச் சரிசெய்த தண்ணீரும், அடுத்த வரிசைக்கு வழக்கமான போர்த் தண்ணீரும் விட்டு வருகிறேன். பழைய இலையில் மாற்றம் எதுவும் இல்லை. அது ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். புதுக் கொழுந்து மட்டும் சரிசெய்த வரிசையில் அகலமாகவும் கரும்பச்சையாகவும் வந்திருக்கிறது. பாத்தியோரத்தில் மேல்மண்ணை விலக்கினால் வெண்ணிற நுனியோடு புதுச் சல்லிவேர் தெரிகிறது. அந்த வரிசையில் கிரீனிங் உறுதியான ஒரு மரம் உண்டு. அதன் கொழுந்தும் முதலில் பச்சையாகவே வந்தது. முற்றும்போது அதே ஒழுங்கற்ற திட்டு விழுந்துவிட்டது. இலை உதிர்வு குறைந்திருக்கிறது, நோய் போகவில்லை.

23 ஜூன் 2024

நேற்று எழுதியதை யாரும் நிரூபணமாகக் கொள்ள வேண்டாம். சரிசெய்த வரிசை தாழ்வான பக்கத்தில் இருக்கிறது. மழைநீர் அங்கேதான் கூடுதலாக இறங்கும், மண்ணும் ஆழம். இரண்டு வரிசைகளை ஒப்பிட்டால் தண்ணீரின் பலனையும் நிலத்தின் பலனையும் பிரித்துச் சொல்ல முடியாது. வரிசைக்குள்ளேயே ஒன்றுவிட்டு ஒரு மரமாகச் செய்வதே சரியான முறை. புதிதாகத் தொடங்குபவர்கள் அப்படித் தொடங்குங்கள்.

30 நவம்பர் 2024

மழைக்குப் பிறகு போர்த் தண்ணீர் வரிசையும் பச்சை பிடித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் எலுமிச்சை துளிர்ப்பதைப் பார்த்து, ஆவணியில் இட்ட உரத்தின் பலன் என்று நாம் சொல்வது வழக்கம். மழைநீரில் பைகார்பனேட் மிகக் குறைவு என்பதையும், அது வேரோரத்தைக் கழுவி இறக்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியாறு, வைகைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் தோட்டங்களில் இந்த மஞ்சள் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கி, போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விட்டாலே அமிலத் தேவையும் பாதியாகிவிடும். அமிலத்தை விட நான் இதையே விரும்புவேன்.

19 ஜனவரி 2025

பொங்காத மண்ணில் எவ்வளவு இறக்கலாம் என்ற கேள்விக்கு: 6-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்துங்கள். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். எலுமிச்சைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சொறிநோய்க்காக ஆண்டுதோறும் போர்டோக் கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு ஆகிய தாமிர மருந்துகளைத் தெளித்த தோட்டங்களில் தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கும். கார மண்ணில் அது உறங்கிக் கிடக்கும். அமிலமானால் விழித்து வேரைத் தாக்கும். ஆகவே பழைய தோட்டங்களில் தாமிர அளவையும் பார்த்த பிறகே கந்தகம் இடுங்கள். சொட்டுவாய்க்கு நேர் கீழே ஒரு மாதிரி, இரண்டு சொட்டுவாய்களுக்கு நடுவே ஒரு மாதிரி என்று தனித்தனியே எடுங்கள். இரண்டையும் கலந்து சோதித்தால் வரும் எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது. மின் கடத்துதிறனையும் சேர்த்துப் பாருங்கள். சல்பேட் ஏற ஏற உப்பும் ஏறும்.

2 பிப்ரவரி 2025

வாடிப்பட்டி நண்பர் பி.சி.ஆர். முடிவை அனுப்பியிருக்கிறார். மாதிரி எடுத்த மரங்களில் சிலவற்றில்தான் கிரீனிங். மற்றவை துத்தநாக, இரும்புக் குறை. மனம் நிறைந்து வரவேற்கிறேன். குறையுள்ள மரங்களுக்குத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். வேர் தேறும்வரை துத்தநாக சல்பேட்டைக் கொழுந்து விரியும்போது இலைவழியாகவும் கொடுங்கள். நோய் உறுதியான மரங்களில், பாதிக்கு மேல் கிளை காய்ந்தவற்றை முதலில் சைலிட்டுக்கு மருந்தடித்துவிட்டுப் பிறகு வேரோடு எடுத்துவிடுங்கள். மருந்தடிக்காமல் வெட்டினால் பூச்சி பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். இன்னும் நன்றாகக் காய்க்கும் நோய்மரத்தை வைத்துக்கொள்வதா என்பது நீங்களும் பக்கத்துத் தோட்டக்காரரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் பூச்சி வேலியைப் பார்ப்பதில்லை.

எடுத்த இடத்தில் மறுநடவு செய்வதானால் வலைக்கூடத்தில் வளர்த்த, நோயற்ற தாய்மரத்திலிருந்து வந்த கன்றையே வாங்குங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஜம்பேரி, ரங்க்பூர் எலுமிச்சை ஆகிய வேர்க்கன்றுகள் (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்பவை) சுண்ணாம்பையும் பைகார்பனேட்டையும் ஓரளவு தாங்கும். ஃபுளோரிடாவில் பெரிதும் பாதிக்கப்பட்ட ஸ்விங்கிள் என்னும் வேர்க்கன்று தாங்காது. குழியில் எறும்புக்காகச் சுண்ணாம்புத்தூள் போடும் பழக்கத்தை இந்த ஒரு பயிருக்கு விட்டுவிடுங்கள்.